காலப்பிரமாணத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்: இளையோர் இசைப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபாச் செயலாளர்களுக்கும், போட்டிக் குழுவினருக்கும், நடுவராக அமரும் வித்வான்களுக்கும் வணக்கம்.

உங்கள் மதிப்பெண் தாளில் காலப்பிரமாணத்துக்கு, அதாவது எடுத்த வேகத்தைப் பாட்டு முடியும்வரை மாறாமல் வைத்திருப்பதற்கு, ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நான் சென்னையில் 27 ஆண்டுகளாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். மேடை ஏறும் அளவுக்குக் கை வரவில்லை என்றாலும் தாளத்தைக் கேட்கும் காது அதில் கிடைத்தது. என் மாணவர்கள் உங்கள் போட்டிகளில் பரிசு வாங்கியும் இருக்கிறார்கள், வெறுங்கையோடு திரும்பியும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நான் பழகியவன் என்பதால், தோற்ற வயிற்றெரிச்சலில் எழுதும் கடிதமாக இதைக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு போட்டியில் கண்டதைச் சொல்கிறேன். எந்த சபா, எந்த மண்டபம் என்பது தேவையில்லை. வேறு பல இடங்களிலும் இதுவே நடக்கிறது. 10 முதல் 14 வயதுவரையிலான பிரிவு, ஒருவருக்கு நான்கு நிமிடம், உருப்படி அவரவர் விருப்பம். என்னிடம் கற்கும் 12 வயதுச் சிறுமி, இரண்டு களை ஆதி தாளத்தில், அதாவது எட்டு எண்ணிக்கைத் தாளத்தின் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டிரண்டாகப் போட்டு நிதானமாகப் பாடும்படி அமைந்த முத்துசுவாமி தீட்சிதர் கிருதி ஒன்றைப் பாடினாள். ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, ஏறக்குறைய 16 வினாடி என்று எடுத்தாள். அந்தக் கிருதிக்கு அதுதான் காலம். கணக்குப் பார்த்தால் நான்கு நிமிடத்துக்குள் 15 ஆவர்த்தனம் மட்டுமே அடங்கும். பல்லவியைத் திருப்பிப் பாடி, சங்கதிகளை வைத்து, அனுபல்லவியை எடுத்து அதன் பாதியை எட்டுவதற்குள் மேசைமேல் இருந்த மணி அடித்துவிட்டது. அவள் பாட்டை நிறுத்தினாள், கையை நிறுத்தவில்லை. மணி அடித்தபோது கை, தாளத்தின் கடைசியில் வரும் இரண்டு த்ருதங்களில் (தட்டு-வீச்சு ஜோடிகளில்) முதலாவதன் வீச்சில் இருந்தது. மிச்சமிருந்த த்ருதத்தையும் ஓசையில்லாமல் போட்டு, சமத்தில், அதாவது அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில், ஒரு தட்டு தட்டிய பிறகே கைகூப்பினாள். நடுவர்கள் அதற்குள் தலைகுனிந்து மதிப்பெண் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தட்டை அந்த மண்டபத்தில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வந்த சிறுவன் விறுவிறுப்பான கிருதி ஒன்றை ஒரு களை ஆதியில் எடுத்து, இரண்டாம் காலத்தில் கல்பனாஸ்வரமும் (அந்த நேரத்திலேயே கற்பனையாக அமைக்கும் ஸ்வரங்களும்) பாடினான். நல்ல குரல், சுத்தமான சுருதி. பழக்கதோஷத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: முதல் நான்கு ஆவர்த்தனம் 24 வினாடி, கடைசி நான்கு ஆவர்த்தனம் 20 வினாடி. பாட்டு முடிவதற்குள் காலம் ஓடிவிட்டது, அதாவது வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. கூடவே வாசித்த மிருதங்கக்காரரும் குழந்தையை விட்டுவிடாமல் ஓடிப்போய்ப் பிடித்தபடியே இருந்தார். கைத்தட்டல் பலமாக இருந்தது. முதல் பரிசும் அவனுக்கே கிடைத்தது. அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலம் ஓடுவது தப்பு என்று யாராவது அவனிடம் சொல்லியிருந்தால் அவன் ஓடியிருக்க மாட்டான். யாரும் சொல்லவில்லை என்பதோடு, அப்படிப் பாடியதற்குக் கோப்பையும் கையில் கொடுத்தார்கள் என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

கர்நாடக சங்கீதத்தில் எடுத்த காலத்தை முடிவுவரை நிலைநிறுத்துவதுதான் லயத்தின் முதல் இலக்கணம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது அல்ல. ஆனால் போட்டி விதிகளில் இது எங்கும் தென்படாததால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹிந்துஸ்தானி முறை வேறு. அங்கே ஒரு ராகத்தை விளம்பித்தில் தொடங்கிப் படிப்படியாக லயத்தை உயர்த்தித் துரித்தில் கொண்டு முடிப்பது மரபு. பாடகரும் தபலாக்காரரும் அறிந்தே செய்வது. அந்த ஏற்றத்துக்கென்று ஒரு அழகும் ஒழுங்கும் உண்டு. நம் மரபில் வேகம் கூட வேண்டுமானால் தாளத்தின் கை அசையாமல் அப்படியே நிற்க, அதற்குள் ஸ்வரங்களோ சொற்களோ இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆக வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்வதும், ஏழு தாள அலங்காரங்களை அப்படியே சாதகம் செய்யச் சொல்வதும், வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடச் சொல்வதும், பல்லவியில் திரிகாலம் செய்வதும் இந்த ஒன்றையே அடுத்தடுத்த படிகளில் கற்றுத் தருகின்றன. இங்கே கை நகர்ந்தால் அது பிழை. வடக்கேகூட, பெரிய பாடகர் என்ற பெயர் துரித்தில் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. உஸ்தாத் அமீர் கான் 14 மாத்திரை ஜூம்ரா தாளத்தை எடுத்துக்கொண்டு, ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் கேட்பவர் மூச்சை அடக்கிக் காத்திருக்கும்படி நிதானமாகப் பாடியதற்காகவே இன்றும் பேசப்படுகிறார்.

சவுக்க காலம், அதாவது மெதுவான காலம், ஏன் கடினம் என்பதை, போட்டி விதிகளை எழுதுபவர்களில் பாடிப் பழகாதவர்களும் இருக்கக்கூடும் என்பதால், சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தொடையில் கையை வைத்து ஆதி தாளத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. விரைவாகப் போடும்போது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே தவறிழைக்க இடமே இல்லை, கை தானாகவே ஓடிச் சமத்தில் வந்து விழுகிறது. இப்போது ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வினாடி விட்டுப் போடுங்கள். இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே விரல்கள் அவசரப்படுவதை உணர்வீர்கள். என் அனுபவத்தில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கை நழுவும் இடம் வீச்சுதான். தட்டுக்கு ஓசை உண்டு, விரலுக்குத் தொடும் உணர்வு உண்டு, வீச்சுக்கு இரண்டும் இல்லாததால் அதை அரைகுறையாக வீசிவிட்டு அடுத்த தட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு களை ஆதியில் 16 தட்டுகளுக்குள் 64 மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெளியே கேட்காதவை. பாடுபவரின் உள்ளுக்குள் அவை 'தகதிமி தகதிமி' என்று சர்வலகுவாக, சீரான நடையில், ஓடிக்கொண்டே இருந்தால்தான் நீண்ட கார்வையை (ஒரு ஸ்வரத்தை நீட்டி நிற்பதை) முழு அளவுக்குப் பிடித்து, சரியான இடத்தில் இறங்க முடியும். கார்வையில் நிற்கத் தெரியாத குழந்தை, அந்த இடைவெளிக்குப் பயந்து ஒரு பிருகாவை (விரைவான ஸ்வரச் சுழற்சியை) போட்டு நிரப்பிவிடும். கேட்பவருக்கு அது கற்பனைவளம் போலத் தோன்றும். உண்மையில் அது பயம்.

தீட்சிதரின் விளம்பகால, அதாவது சவுக்க கால, கிருதிகளில் இதைச் சோதிக்க ஒரு இடம் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. சரணத்தின் இறுதியில் பல கிருதிகளில் மத்யமகால சாகித்யம் வரும். தாளம் மாறாது, சொற்கள் மட்டும் இரண்டு மடங்கு நெருக்கமாக வரும். நிதானமான காலத்தில் தொடங்கியவருக்கு அந்த இடம் ஆற்றில் சற்றே வேகமான நீரோட்டம் போல இயல்பாக வந்து சேரும். அவசரமாகத் தொடங்கியவரோ அங்கே வந்ததும் நாக்கு புரளாமல் தடுமாறுவார், அல்லது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் காலத்தைக் கொஞ்சம் கீழே இறக்குவார். பாட்டின் தொடக்கத்தில் எடுத்த காலம் சரிதானா என்பதற்கான விடை பாட்டின் கடைசியில் இருக்கிறது. நான்கு நிமிடத்தில் மணி அடிக்கும் நடுவர் அந்த விடைத்தாளைப் பிரித்தே பார்ப்பதில்லை. என் மாணவி அந்த மத்யமகாலத்துக்காக நான்கு மாதம் உழைத்திருந்தாள்.

நிதானமாகப் பாட வேண்டிய உருப்படிகளான சியாமா சாஸ்திரிகளின் மூன்று ஸ்வரஜதிகளையும் க்ஷேத்ரக்ஞர் பதங்களையும் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. வீணை தனம்மாள் வழியில் அவருடைய பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களைக் கேட்டவர்களுக்கு, அவற்றை அரைப்பங்கு வேகம் கூட்டிப் பாடினால் எஞ்சுவது வெறும் மெட்டின் எலும்புக்கூடு என்பது தெரியும். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கடந்த சில ஆண்டுகளில் உங்கள் இளையோர் மேடைகளில் ஒரு பதம், ஒரு விளம்பகால மிஸ்ரசாபு (ஏழு எண்ணிக்கைத் தாள) உருப்படி எத்தனை முறை ஒலித்தது என்று உங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பீர்களா? நான் போய் உட்கார்ந்த போட்டிகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

வேகத்துக்கு நான் எதிரி அல்ல. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தபோது மத்யமகாலத்தையே (நடுத்தர வேகத்தையே) முதுகெலும்பாக வைத்தார். நான்கு மணி நேரமானாலும் அலுக்காமல் கேட்கவைத்தது அதுதான். ஆனால் மத்யமகாலம் என்பது அவசரம் அல்ல. அது நடை சீராக அமைந்த காலம். அரியக்குடியின் ஒலிப்பதிவுகளில் எந்த இடத்தில் தாளத்தைத் தொட்டுப் பார்த்தாலும் அது முதலில் எடுத்த இடத்திலேயே நிற்கிறது. ஜி.என்.பி. என்ற ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பிருகாக்கள் மின்னலாகப் பாய்ந்தாலும் அவை பாய்ந்த நிலம் அசையவில்லை. மதுரை மணி ஐயரின் ஸ்வரங்கள் கணக்கின் பாரமே தெரியாமல் சர்வலகுவில் மிதந்து போனாலும், கேட்பவரின் கை தன்னையறியாமல் அவருடைய காலத்துக்கே தட்டிக்கொண்டிருக்கும். வேகமாகப் பாடுவது வேறு, காலம் ஓடுவது வேறு. இந்த வேறுபாடு உங்கள் மதிப்பெண் தாளில் இல்லை என்பதே என் குறை. சுருதி, சாரீரம், பாடாந்தரம், மனோதர்மம், மேடைப்பாங்கு என்று கட்டங்கள் பிரித்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். லயம் என்றோ தாளம் என்றோ ஒரு கட்டம் இருந்தாலும், தாளத்தை விட்டுவிடாமல் பாடினால் அதற்கு முழு மதிப்பெண் விழுந்துவிடுகிறது. தாளத்தை விடாமல் பாடுவது வேறு, காலப்பிரமாணத்தை நிலைநிறுத்துவது வேறு என்பதை மிருதங்கம் வாசிப்பவர்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே விளக்குவார்கள்.

இந்த அவசரத்துக்கு உங்களை மட்டும் காரணமாக்குவதும் நியாயமல்ல. 78 சுழற்சி இசைத்தட்டு வந்த நாளிலேயே ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் என்ற அளவுக்குள் கிருதியை அடக்கப் பெரிய வித்வான்களும் காலத்தைக் கூட்டியிருக்கிறார்கள், சங்கதிகளைக் குறைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டுப் பாடம் செய்தவர்கள், இயந்திரத்தின் அவசரத்தைப் பாடகரின் விருப்பமாக எடுத்துக்கொண்ட கதையும் நடந்திருக்கிறது. நம் காலத்தில் அதே வேலையைக் கைப்பேசி செய்கிறது. தாளச் செயலியை ஓடவிட்டு அதன்மேல் பாடிப் பழகும் குழந்தைக்கு, செயலியை நிறுத்தியதும் காலம் நழுவுகிறது. காலத்தை வைத்திருந்தது அந்தக் கருவிதானே தவிர அவள் கை அல்ல. பெருந்தொற்றுக்குப் பிறகு பரவிய இணைய வகுப்புகளில் இன்னொரு கோளாறு உண்டு. ஒலி ஒரு நொடி தாமதமாக வந்து சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடவே முடிவதில்லை. நான் தாளம் போட, அங்கே அவள் பாட, இங்கே எனக்கு அவள் ஒரு மாத்திரை பிந்தியே கேட்க, அவள் சரியாகப் பாடுகிறாளா இல்லையா என்று திருத்துவதற்கே வழி இல்லாமல் போகிறது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்து என்னிடம் கற்கும் பிள்ளைகளுக்கு, ஒரு மாதம் இங்கே வந்து எதிரில் உட்கார்ந்தால் ஒழிய, லயம் வரவைக்க எனக்குத் தெரியவில்லை. இந்தச் சூழலில் ஒரு சபாவின் போட்டி, 'கையில் காலம் நிற்கிறதா?' என்று கேட்கும் ஒரே இடமாக இருக்க முடியும்.

நானும் குற்றவாளிதான் என்பதையும் மறைக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனைப் போட்டிக்குத் தயார் செய்தபோது, ஏழு நிமிடம் பாட வேண்டிய உருப்படியை நான்கு நிமிடத்துக்குள் முடிக்கும்படி காலத்தைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். சங்கதிகளில் பாதியை வெட்டினேன். அவனுக்குப் பரிசும் கிடைத்தது. பிறகு ஒரு நாள் வகுப்பில் அதே பாட்டை அதன் உண்மையான காலத்தில் பாடச் சொன்னேன். இரண்டு வரி பாடுவான், அவனை அறியாமல் போட்டிக் காலத்துக்குத் தாவிவிடுவான். கையைப் பிடித்து நிறுத்தினால், 'இப்போ எங்கே எடுக்கணும் சார்?' என்று விழிப்பான். அந்த ஒரு பாட்டை அவன் கையிலிருந்து கழற்ற ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதத்தில் அவன் புதிதாக ஒரு பாடமும் கற்கவில்லை. பரிசுக் கோப்பை இன்னும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். 'நேரம் இல்லை, 60 பிள்ளைகள் வருகிறார்கள், ஆளுக்கு எட்டு நிமிடம் கொடுத்தால் விடிந்துவிடும்' என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். 60 பேருக்கு நான்கு நிமிடம் என்றால் 240 நிமிடம். அதே 240 நிமிடத்தை வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாருக்கும் ஒரு வர்ணத்தின் பல்லவியும் அனுபல்லவியும் மட்டும், இரண்டு காலத்தில், தம் கையாலேயே தாளம் போட்டு. அதற்கு இரண்டு நிமிடம் போதும். மொத்தம் 120 நிமிடம். அதிலிருந்து 15 பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு எட்டு நிமிடம் கொடுத்தால் இன்னொரு 120. உங்கள் மண்டப வாடகை ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. வர்ணம் இதற்கு ஏற்றது என்பதில் ஐயமே வேண்டாம். முதல் காலத்தை அவசரமாக எடுத்த குழந்தை இரண்டாம் காலத்தில் தானாகவே மாட்டிக்கொள்ளும், நடுவருக்கு வேலையே இல்லை. மூத்த பிரிவினருக்கு 14 அட்சர அட தாள வர்ணத்தை வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இறுதிச் சுற்றில், விருப்ப உருப்படி ஒன்று இருக்கட்டும். ஆனால் சவுக்க காலத்தில் அமைந்த ஒரு உருப்படியை, அல்லது அதன் பல்லவியையாவது பாட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். நடுவர்களில் ஒருவர் லய வித்வானாக இருக்கட்டும். அவர் குரலைப் பற்றியோ ராகபாவத்தைப் பற்றியோ ஒன்றும் எழுத வேண்டாம். முதல் ஆவர்த்தனத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டாலே போதும். மனிதக் கை இயந்திரம் அல்ல, உணர்ச்சியோடு பாடும்போது மயிரிழை அசையத்தான் செய்யும். அதற்கு மதிப்பெண் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. 24 வினாடி 20 ஆவது மயிரிழை அல்ல.

இளையவர் பிரிவில் மிருதங்கம் வேண்டாம் என்பது என் கருத்து. இதை மிருதங்க வித்வான்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல பக்கவாத்தியக்காரர் குழந்தையின் பிழையை மூடிமறைத்துக் காப்பாற்றுவார். அது அவருடைய பெருந்தன்மை, கச்சேரியில் அதுவே அவருடைய கடமையும்கூட. ஆனால் போட்டியில் நாம் தெரிந்துகொள்ள விரும்புவது அவர் மூடிவைக்கும் அதே இடத்தைத்தான். மூத்த பிரிவில் மிருதங்கம் இருக்கட்டும், ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என் வகுப்பில் நான் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'வாயை மூடிக்கொள், கையை விடாதே' என்பேன். இரண்டு ஆவர்த்தனம் வெறும் தாளம் மட்டும், அதுவும் தட்டும் ஓசை கேட்காமல். பிறகு எடுப்பில் (பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில்) பாட வேண்டும். சமத்தில் எடுக்கும் பாட்டு என்றால் சமத்தில், அரை இடம் தள்ளி எடுப்பது என்றால் அரை இடம் தள்ளி. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறார்கள். பிந்தி எடுப்பவர் அபூர்வம். மௌனத்தில் காலம் எல்லாருக்கும் ஓடத்தான் செய்கிறது, அதை நிலைநிறுத்துவதற்குத்தான் பயிற்சி. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தைகளுக்கு இது விளையாட்டுப் போலப் பிடித்தும் போய்விடுகிறது, தமக்குள் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

திருப்புகழ்ப் போட்டி நடத்தும் சபாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அருணகிரிநாதர் பாட்டில் தாளம் வெளியிலிருந்து பூட்டப்பட்டது அல்ல. சந்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக்கு மாத்திரை என்ற அளவை இலக்கணத்தில் வைத்திருக்கும் மொழி இது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அதை வரையறுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அவசரமாகப் பாடும்போது முதலில் சாவது நெடில்தான். 'வேலா' என்பது 'வெல' ஆகிவிட்டால் பொருளும் போயிற்று, தாளமும் போயிற்று. மனப்பாடமாக எத்தனை பாட்டுத் தெரியும் என்று எண்ணிப் பரிசு தருவதை விட்டு, ஒரே ஒரு பாட்டை நெடில் குறையாமல், சந்தம் கெடாமல் பாடுகிறானா என்று பார்த்தால், இசைக்குச் செய்யும் நன்மையோடு தமிழுக்கும் ஒரு நன்மை செய்தவர்கள் ஆவீர்கள்.

நாதஸ்வரப் பிரிவு வைக்கும் ஓரிரு அமைப்புகள் இதில் நமக்கு முன்னோடியாக இருக்கலாம். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் வாசிக்கும் மல்லாரியில் சாகித்யம் கிடையாது. ஒரே சொற்கட்டு, தாளம் நிற்க, ஒவ்வொரு காலமாக ஏறித் திஸ்ரத்திலும் (மும்மூன்றான நடையிலும்) வந்து சேர்கிறது. ஒளிந்துகொள்ளச் சொல்லும் இல்லை, பாவமும் இல்லை, காலப்பிரமாணம் மட்டும்தான். பல்லக்குச் சுமப்பவர்களின் காலடி பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் வாசித்துப் பழகிய கை அது. தவில் வித்வான்களின் பிள்ளைகள் எட்டு வயதிலேயே இடுப்பளவு மரக்கட்டையைத் தட்டிக் காலத்தை உட்காரவைத்துக்கொள்வதைப் பார்த்தால், நம் வாய்ப்பாட்டு மாணவர்கள் எவ்வளவு சீக்கிரம் மேடைக்கு வந்துவிடுகிறார்கள் என்று தோன்றும்.

பெற்றோர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு செயலாளர் என்னிடம் நேரில் சொன்னார். 'மெதுவாகப் பாடினால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள், சார்' என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதை மாற்றக்கூடியவர்களும் நீங்கள்தான். எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதையே பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கிறார்கள்; பெற்றோர் கேட்பதையே என்னைப் போன்றவர்கள் சொல்லிக்கொடுக்கிறோம். சவுக்க காலத்துக்கு ஒரு சுழற்கோப்பை வைத்துப் பாருங்கள். மறு ஆண்டே ஊரில் உள்ள அத்தனை வகுப்புகளிலும் இரண்டு களைச் சாதகம் தொடங்கிவிடும்.

போட்டிக்கான விண்ணப்பப் படிவங்களையும் விதிமுறைகளையும் நீங்கள் அச்சுக்கு அனுப்பும் முன்பே இந்த மடல் உங்கள் கைக்குக் கிடைக்கட்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். ஒரே ஒரு பிரிவில், ஒரே ஒரு ஆண்டு, சோதனையாக இதைச் செய்து பார்க்க எந்த சபா முன்வந்தாலும், காலை முதல் மாலை வரை நடுவர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, கடிகாரமும் தாளும் வைத்துக்கொண்டு ஆவர்த்தனங்களைக் குறித்துத் தர நான் வருகிறேன். சன்மானம் வேண்டாம், என் மாணவர்கள் யாரும் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவும் மாட்டார்கள். மணியை அடிப்பவர் மட்டும், கூடியவரை, சமத்தில் அடித்தால் நல்லது.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓர் இசையாசிரியர்,
சென்னை.